செவன் அப்பில் எதைக் கலந்தால் என்ன?

போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு தம்பி. வயசு 28. ராத்திரி முழுக்க வாந்தி, மேல்வயிற்றில் வலி என்று அவங்க அம்மா ஆட்டோவில் கூட்டிட்டு வந்தாங்க. டிரிப்ஸ் ஏறி கொஞ்சம் தெளிஞ்சதும், அம்மா டீ வாங்கப் போன நேரமா பார்த்து மெதுவா கேட்டார்:

"சார், எனக்கு பிராந்திதான் ஒத்துக்கல. ஓட்காவுக்கு மாறிடலாம்னு இருக்கேன். செவன் அப் ஊத்திக் குடிச்சா ஈரலை ஒண்ணும் பண்ணாதாமே?"

கூட இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். நீங்களும் கேட்டிருப்பீங்க. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நீளமான கதை இருக்கு, படிங்க.

சரக்கில் எலுமிச்சை கலப்பது கப்பலில் இருந்து வந்த பழக்கம். 1740-ல் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், மாலுமிகளுக்குத் தரும் ரம்மில் தண்ணீர் கலந்துதான் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். சர்க்கரையும் எலுமிச்சையும் வேண்டுமென்றால் அவரவர் வாங்கிச் சேர்த்துக்கலாம். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஈறு அழுகி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும்தான் வேலை செய்கிறது என்று காட்டினார். 1795-ல்தான் கடற்படை எலுமிச்சைச் சாறை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது. கிட்டத்தட்ட 50 வருஷம் தாமதம். அரசு ஃபைல் அன்றும் அப்படித்தான் நகர்ந்திருக்கு!

மாலுமிகளைக் காப்பாற்றியது எலுமிச்சையில் இருந்த வைட்டமின் சி. ரம் இல்லை. ஆனா பேர் இரண்டுக்கும் சேர்ந்தே கிடைச்சது.

இப்ப அமெரிக்காவுக்கு வருவோம். 1929 அக்டோபர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் சார்லஸ் லைப்பர் கிரிக் என்பவர் ஒரு எலுமிச்சை சோடாவை விற்பனைக்குக் கொண்டுவருகிறார். பெயர்: 'பிப்-லேபிள் லித்தியேட்டட் லெமன்-லைம் சோடா'. இரண்டே வாரத்தில் பங்குச்சந்தை சரிந்து நாடே படுத்துவிட்டது. இந்தச் சோடா மட்டும் படுக்கவில்லை. அதுதான் பின்னாடி செவன் அப்.

'லித்தியேட்டட்' என்பதைக் கவனிங்க. அதில் லித்தியம் சிட்ரேட் என்ற உப்பு உண்மையாகவே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் லித்தியம் யூரிக் அமிலத்தைக் கரைக்கும், கௌட் மூட்டு வலிக்கு நல்லது என்று மருத்துவர்களே நம்பினார்கள். லித்தியம் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அந்த மவுசில்தான் கிரிக்கும் சேர்த்தார். குடித்த மறுநாள் தலைவலிக்கு நல்லது என்று விளம்பரமும் வந்தது. ஆக, இந்தச் சோடா பிறக்கும்போதே சரக்குக்குப் பக்கத்தில், கையில் மருந்துச் சீட்டோடு பிறந்தது.

அப்போது அங்கே மதுவிலக்கு. 1920-ல் ஆரம்பித்து 1933 டிசம்பர் வரை. கிடைத்ததெல்லாம் கள்ளச்சரக்கு. தொழிற்சாலை ஸ்பிரிட்டை யாரும் குடிக்கக் கூடாது என்று அரசே அதில் மெத்தனால் கலக்கச் சொன்னது. கடத்தல்காரர்கள் அதையே சுத்தம் செய்து விற்றார்கள். அரைகுறையாக. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் அடுத்தடுத்து சாவு. நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், விஷம் எனத் தெரிந்தே அரசு கலக்கிறது என்று பகிரங்கமாகக் கண்டித்தார்.

மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பை அடிக்கும். குடித்த அன்று சாதாரண போதைதான். 12 மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் பார்வை பனிமூட்டமா மாறும். எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மதுவிலக்கு முடிந்ததும் சோடா கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். 1934-ல் சீக்ராம்ஸ் செவன் கிரவுன் விஸ்கி வந்தது. அதில் செவன் அப் ஊற்றினால் 'செவன் அண்ட் செவன்'. 1977-ல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஹீரோ கேட்பது இதைத்தான். இன்னொரு வேடிக்கை: 1940-களில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் ஹார்ட்மன் சகோதரர்கள், விஸ்கியில் கலக்கப் பிடித்த எலுமிச்சை சோடா அந்த ஊரில் கிடைக்கவில்லை என்று தாங்களே ஒன்றைத் தயாரித்தார்கள். மலைப்பகுதிக் கள்ளச்சாராயத்தின் செல்லப் பெயரையே அதற்கும் வைத்தார்கள். மவுன்டன் டியூ! இன்று பள்ளிக்கூடப் பிள்ளைங்க குடிக்கிற அதே பானம்தான்.

1948-ல் செவன் அப்பில் இருந்து லித்தியத்தை எடுத்துவிட்டார்கள். மறுவருஷமே ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், மேனியா நோயாளிகள் லித்தியத்தில் அமைதியாவதை எழுதினார். அதே 1949-ல் அமெரிக்காவில், இதய நோயாளிகள் உப்புக்குப் பதிலா லித்தியம் குளோரைடு சாப்பிட்டுச் சிலர் இறந்தும் போனார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அவ்வளவு சின்ன இடைவெளி. இன்றும் லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் அளவு பார்த்துத்தான் கொடுக்கிறோம். வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்தால், குடியும் வாந்தியும் உடம்பு நீரை இழுத்து அந்த அளவை ஏற்றிவிடும். இதை அவங்ககிட்ட சொல்லுங்க.

சரி, தம்பியின் கேள்வி. பிராந்தி, ஓட்கா, ரம், விஸ்கி, எதுவானாலும் நம்ம ஊர் பாட்டிலில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 60 மில்லியில் சுமார் 20 கிராம். ஈரல் லேபிளைப் படிக்காது. செவன் அப் ஊற்றினால் தொண்டை எரிச்சல் குறையும், அதனால் அடுத்த ரவுண்டு சீக்கிரம் வரும். சர்க்கரை இல்லாத டயட் சோடான்னா இரைப்பை சீக்கிரம் காலியாகும், போதை இன்னும் வேகமா ஏறும்.

இதையெல்லாம் கேட்டுட்டு ஒரு நிமிஷம் யோசிச்சார். அதுக்குள்ள அம்மா டீயோட வந்துட்டாங்க. குரலைத் தாழ்த்தி, "அப்ப பீர் சார்?" என்றார்.

ஓ.பி. சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் காட்டினேன். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவிகிதம்: 41 கிராம். ரெண்டு லார்ஜ். அம்மா அந்தச் சீட்டை வாங்கி மடிச்சு, பர்ஸுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.