வாத்தின் பாதமும் ஜெய்ப்பூர் ரப்பரும்

விலங்குகளுக்கான செயற்கை உறுப்புகளின் வரலாற்றில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் வருகை ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எளிதாக்கியது வடிவமைப்பை மட்டுமே. எப்பொருளால் செய்வது என்னும் பழைய கேள்வி அதன் பின்னும் நீடித்தது.

அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டால் மேலலகை இழந்த 'பியூட்டி' என்னும் வெண்தலைக் கழுகுக்கு 2008இல் நைலான் சார்ந்த செயற்கை அலகு பொருத்தப்பட்டது. இரையைப் பற்றும் உறுப்புக்கு விறைப்பு வேண்டும். அதற்கு நைலான் பொருந்தியது. பாதத்தின் தேவையோ வேறு.

டென்னசி மாநிலத்துக் காப்பகம் ஒன்றில் வளர்ந்த 'பட்டர்கப்' என்னும் வாத்துக்குப் பிறவியிலேயே இடப்பாதம் பின்னோக்கித் திரும்பியிருந்தது. 2013இல் அது அகற்றப்பட்டபின், உடன்பிறந்த வாத்தின் பாதத்தைப் படமெடுத்துக் கணினியில் மாதிரி அமைத்தனர். அச்சிட எண்ணிய ஏ.பி.எஸ். நெகிழி உறுதியானதே, ஆனால் வளையாது. வாத்தின் பாதமோ ஊன்றும்போது விரிந்து, தூக்கும்போது மடிவது. எனவே பாதத்தை அச்சிடாமல், அதற்கான வார்ப்பச்சை அச்சிட்டு, அதில் சிலிக்கோனை ஊற்றி எடுத்தனர். அவ்வாண்டிலேயே வாத்து நடந்தது.

முன்னங்கால்கள் முழுமையாக வளராத 'டெர்பி' என்னும் நாய்க்கு 2014இல் கிடைத்த கால்கள் அடுத்த படி. உடல் எடையைத் தாங்கும் சட்டகம் உறுதியாகவும், கால் அமரும் கிண்ணம் ரப்பர் போல் மென்மையாகவும் ஒரே இயந்திரத்தில் சேர்த்தே அச்சிடப்பட்டன.

வன்மையையும் மென்மையையும் ஓருறுப்பில் இணைக்கும் இவ்வறிவு இந்தியாவுக்குப் புதிதன்று. 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதத்தில் மரமும் நுண்துளை ரப்பரும் உள்ளே இருந்தன. உறுதியான ரப்பர் உறை அவற்றைப் போர்த்தியது. அனைத்தும் வார்ப்பச்சில் வைத்துச் சூடேற்றி ஒன்றாக்கப்பட்டன. காலணியின்றி நடக்கவும், குந்தி அமரவும், சேற்றில் இறங்கவும் வேண்டிய உழவனுக்கு மேல்நாட்டின் விறைத்த பாதம் உதவவில்லை என்பதே அத்தேர்வின் காரணம்.

விலங்கும் காலணி அணிவதில்லை. தன் வலியைச் சொல்லவும் அதனால் இயலாது. விறைத்த பொருள் தோலை உரசினால் அது உறுப்பை உதறும், அல்லது நடப்பதையே நிறுத்தும். உழைக்கும் உடல் எப்படி அசைகிறது என்பதைப் பார்த்து ஜெய்ப்பூர்ப் பட்டறை பொருளைத் தேர்ந்த முறைதான், இயந்திரம் மாறிய பின்னும் விலங்கு மருத்துவத்துக்கு வழிகாட்டி.