தையல் படகிலிருந்து பாடி கிட் வரை

காரைத் தாழ்த்தி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: பாடி கிட் ஃபைபரில் போடுவதா, பிளாஸ்டிக்கில் போடுவதா? ஃபைபர் மலிவு, ஆனால் உடையும் என்பார் ஒருத்தர். பிளாஸ்டிக் உடையாது, ஆனால் பெயின்ட் உரியும் என்பார் இன்னொருத்தர். தினமும் தரையில் உரசப் போகிற ஒரு பொருளை எதில் செய்வது என்ற இந்தக் கேள்வி, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரைக்குப் புதுசே இல்லை. அங்கே அந்தப் பொருள் கார் இல்லை, படகு.

இதை நான் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் என் அக்கா மகன். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் தயாரான பழைய ஐகான் ஒன்று வைத்திருக்கிறான். 1999-ல் ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்து வந்த வண்டி. அந்த ஆலையே 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறான். வண்டியை 4 செ.மீ. தாழ்த்தியாகிவிட்டது. “மாமா, கிட் எதுல போடலாம்? வருஷத்துக்கு ஒண்ணு மாத்த என்னால முடியாது” என்றான்.

முதலில் கணக்கு. டேப் வைத்து அளந்தால் பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 13 செ.மீ. அவன் ஆசைப்பட்ட முன் லிப் இன்னும் 4.5 செ.மீ. இறங்கும். மிச்சம் 8.5.

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்ட வில். முன் சக்கரம் தடையின் விளிம்பைத் தொடும்போது, சக்கரத்துக்கு 80 செ.மீ. முன்னால் இருக்கிற லிப் தடையின் மேல் நிற்கும். அந்த இடத்தில் தடையின் உயரம் சுமார் 6.8 செ.மீ. அதாவது விதிப்படி போட்ட வேகத்தடையை 8.5 செ.மீ. லிப் தாண்டிவிடும், கடைசி நேரத்தில் பிரேக் போட்டு மூக்கைக் கவிழ்க்காத வரைக்கும்.

ஆனால் நம் ஊர்த் தெருமுனைகளில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற தடை அப்படியா இருக்கிறது? அரை மீட்டர் அகலத்துக்குள் அதே 10 செ.மீ. உயரம். சக்கரம் ஏறுவதற்கு முன்பே லிப் நேராகப் போய் முட்டும். ஆக, அடி விழுமா என்பது கேள்வியே இல்லை. விழும். விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் படகு வருகிறது.

இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர, அலை உடைகிற பகுதியைத் தாண்டியாக வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வணிகம் செய்த டச்சுக்காரர்களுக்கும் இதே பாடு, மெட்ராஸில் ஆங்கிலேயர்களுக்கும் இதே பாடு. சட்டம் வைத்து ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பார்க்க உறுதியானது. ஆனால் அலை தூக்கி மணலில் போட்டால் அந்த உறுதியே அதற்கு வினை, பிளந்துவிடும்.

கரைக்காரர்களிடம் இருந்தது மசூலா படகு. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி இல்லை, உள்ளே விலா எலும்பு மாதிரிச் சட்டங்களும் இல்லை. பலகைகள் சேரும் இடத்தில் வைக்கோலை வைத்து, அதன் மேல் கயிற்றை ஓட்டி இறுக்குவார்கள். மணலில் மோதும்போது படகு மொத்தமும் நெளியும். அடியின் வேகம் ஒரே இடத்தில் குவியாமல் எல்லாத் தையல்களுக்கும் பிரிந்துபோகும். தண்ணீர் கசியும்தான், அதை இறைக்க ஓர் ஆள் இருப்பார். மெட்ராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கரைப் படகுகளைப் பதிவு செய்திருக்கிறார்.

அலையை எதிர்த்து நிற்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. மெட்ராஸ் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் போட்டார்கள். 1881 நவம்பர் புயல் அதன் அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்ட ஓர் அரசாங்கத்தால் முடியும். ஒரு படகுக்காரரால் முடியாது. அதனால் அவர் வளைகிற பொருளைத் தேர்ந்தெடுத்தார். தாங்குவது என்பதன் முதல் அர்த்தம் இது: வளைந்து கொடுப்பது.

ரெண்டாவது அர்த்தம் கண்ணாடி இழையோடு வந்தது. 1930-களில் அமெரிக்காவில் வணிக அளவில் தயாரான இழை, பின்னால் பாலியஸ்டர் ரெசினோடு சேர்ந்தது. 1953-ல் செவர்லே கார்வெட் ஃபைபர் உடலோடு வந்தது. முதல் வருஷம் 300 வண்டிதான். இரும்புத் தகட்டை அடிக்கப் பெரிய பிரஸ்ஸும் விலை உயர்ந்த டையும் வேண்டும். ஃபைபருக்கு ஓர் அச்சு, ஒரு பிரஷ், ஒரு ரோலர் இருந்தால் வேலை ஓடும். 1982-ல் பெங்களூரில் வந்த டால்ஃபின் காருக்கு ஃபைபர் உடல் இருந்ததும் இந்தக் கணக்கில்தான். இன்றைக்குப் பட்டறைகளில் கிடைக்கும் கிட்டில் பெரும்பாலும் ஃபைபராக இருப்பதற்கும் காரணம் அதுவே. பத்து இருபது செட் விற்கிறவரால் ஊசிவார்ப்பு அச்சுக்குக் காசு போட முடியாது. நமக்கு ஃபைபர் கிடைப்பது அது நல்லது என்பதால் அல்ல, செய்கிறவருக்குக் கட்டுப்படியாகும் என்பதால்.

இந்தக் கரைக்கு ஃபைபர் வந்த வழி வேறு. உணவு வேளாண் அமைப்பு 1979-ல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இழுத்து ஏற்றக்கூடிய படகுகளை 80-களில் வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன. கட்டுமரம் ஓரங்கட்டப்பட்டது.

கொக்கிலமேட்டில் படகின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தரிடம், மணலில் இழுத்தால் ஃபைபர் வீணாகாதா என்று கேட்டேன். “தேயும்னு தெரிஞ்சுதான் சார் அடியில கூட ரெண்டு மேட் போடுறோம். தேஞ்சா திரும்பப் போட்டுக்கலாம், நாளைக்குக் கடலுக்குப் போயிடலாம்” என்றார். உடையாத பொருளை அவர் தேடவில்லை. எங்கே தேயும் என்று தெரிந்து, அங்கே சதை போட்டு, ஊரிலேயே ஆற்றிக்கொள்ளத் தெரிந்துவைத்திருக்கிறார். இதற்குள்ளேயே மூணாவது அர்த்தமும் இருக்கிறது: தேய்வதற்கென்றே ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது.

இழந்ததும் உண்டு. படகு தைக்கிற கை இந்தக் கரையில் இப்போது தேடினாலும் கிடைப்பது கஷ்டம். கட்டுமரம் செத்தால் விறகாகும். ஃபைபர் இறுகிவிட்டால் திரும்ப உருகாது. உடைந்த படகு மணலிலேயே கிடக்கும். உடைந்த ஃபைபர் பம்பரும் அப்படித்தான்.

கார் உலகமும் வளைவதைத் தேடிப் போனது. 1968 பான்டியாக் ஜிடிஓ-வில் வந்த ‘எண்டுரா’ பம்பர் யூரிதேன் வகை. அதை ஓங்கி அடித்துக் காட்டியே விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க அரசு 1973 மாடல்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினால் விளக்கு போன்றவை பழுதாகக் கூடாது என்று விதி போட்டது. இன்று கம்பெனியிலிருந்து வரும் பம்பர்கள் பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிப்ரொப்பிலீன். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும்.

சரி, அக்கா மகனுக்கு என்ன சொன்னேன்?

தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கீழே வரும் எதையும் ஃபைபரில் போடாதே. முன் லிப் பாலிப்ரொப்பிலீன் அல்லது யூரிதேன். முதலாவதில் பெயின்ட் பிடிக்காது. அதற்கான பிரைமர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்பாகவே விட்டுவிடலாம். யூரிதேன் கனம் அதிகம், வெயிலில் தொங்கும். நெருக்கமாக ஸ்க்ரூ போட வேண்டும். ஏபிஎஸ் பார்க்க அழகு, ஆனால் பெயின்ட் இல்லாமல் வெயிலில் விட்டால் நாளடைவில் முறுகும். பின் ஸ்பாய்லர் மாதிரி அடிபடாத உயரத்தில் இருப்பதற்கு ஃபைபர் தாராளமாகப் போதும். விரிசல் விட்டால் மேட் வைத்து ஒட்டலாம்; தேய்க்கும்போது முகமூடி அவசியம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

லிப்பின் விளிம்பில் படகுக்காரர் மாதிரி ஒரு ரப்பர் பட்டை ஒட்டு. அது தேய்ந்தால் அதை மட்டும் மாற்று. ஸ்க்ரூ எல்லாம் எவர்சில்வர். உப்புக் காற்றில் சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துவிடும், லிப் கழன்று டயருக்கு அடியில் போனால் ஆபத்து லிப்புக்கு இல்லை, உனக்கு. லிப்பின் இறக்கத்தையும் 4.5-லிருந்து 2 செ.மீ. ஆகக் குறை. அப்போது 11 செ.மீ. கிடைக்கும், அந்தத் தெருமுனைத் தடையையும் மெதுவாகப் போனால் தாண்டலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எதை மாற்றுவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அவன் பாலிப்ரொப்பிலீன் லிப்பும் ரப்பர் பட்டையும் வாங்கிவிட்டான். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து இங்கேயே எழுதுகிறேன்.