கல்முனைத் தண்ணீருக்கு எந்த மீன்? கண்ணாடித் தொட்டியில் ஒத்துவாழும் இனங்கள்

தொட்டிக்கு மீன் வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே சேர்க்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: ஊற்றப்போவது எந்தத் தண்ணீர்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என நமது ஊர்கள் கடலோர மணலில் அமைந்தவை. மழைநீர் மணலுக்குள், உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமியோ திறந்த கிணறுகளுக்குள் கடல்நீரையே நிரப்பிச் சென்றது. ஆகவே உங்கள் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காவிட்டால், நீர் கடினமானது என்று கொள்ளுங்கள்.

கடின நீருக்குக் கப்பி, மொலி, பிளட்டி, சுவோர்ட்டெயில் பொருத்தமானவை. நான்கும் குட்டி போடுபவை; தம்முள் ஒத்துப்போகும். மொலி சிறிது உவரையும் தாங்கும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் விடுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் பெண்மீன்களை ஓயாமல் துரத்தும்.

குழாய் நீரானால் குளோரின் போக 24 மணி நேரம் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்துங்கள். நீர் மென்மையாக இருந்தால் செரி பாப் வளர்க்கலாம். இது நமது நாட்டின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரிய மீன். 1929இல் தெரணியகல இதனை விவரித்தார். சாதுவானது, ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக விடவேண்டும்.

சேர்க்கக் கூடாதவை:

டைகர் பாப், நீண்ட செட்டையுள்ள ஏஞ்சல், பைட்டர், கப்பி ஆகியவற்றைக் கடித்துக் குதறும். வளர்ந்த ஏஞ்சல், வாய்க்கு அடங்கும் நியோன் டெட்ராவை விழுங்கிவிடும். இரண்டு ஆண் பைட்டர்கள் ஒரே தொட்டியில் சாகும்வரை சண்டையிடும். கோல்ட் பிஷ் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் அதிகம். அதற்குத் தனித்தொட்டி வேண்டும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமான தொட்டி சுமார் 56 லீற்றர் கொள்ளும். அதில் பத்துப் பன்னிரண்டு சிறு மீன்கள் போதும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், முதலில் மூன்று நான்கை மட்டும் விடுங்கள். 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் மறக்கவில்லை. காற்றுப் பம்பி நின்றால் நெரிசலான தொட்டியில்தான் மீன்கள் முதலில் மூச்சுத் திணறும்.

கடைகளில் சிறிதாக விற்கும் டேங்க் கிளீனர் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமல் வெளியே விடப்பட்டவை இலங்கை நீர்த்தேக்கங்களில் பெருகி, மீனவரின் வலைகளைச் சேதப்படுத்துகின்றன. எந்த வளர்ப்பு மீனையும் நமது குளங்களிலோ வயல் வாய்க்கால்களிலோ விடாதீர்கள். பராமரிக்க முடியாவிட்டால் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுத்துவிடுங்கள்.