பாதரசத்தின் மின்தடை மறைந்த நாள்

உலோகங்களைக் குளிர்விக்கக் குளிர்விக்க அவற்றின் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அவை காட்டும் எதிர்ப்பு, குறைந்துகொண்டே வரும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டனில் ஜேம்ஸ் டூவரும் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங்கும் திரவக் காற்றின் குளிரில் அளந்து காட்டியிருந்தனர். ஆயினும் வெப்பநிலையின் கடைசி எல்லையாகிய −273 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது என்ன நேரும் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. எலெக்ட்ரான்கள் அணுக்களிலேயே உறைந்துபோய்த் தடை எல்லையின்றிப் பெருகும் என்று கெல்வின் பிரபு 1902-இல் கருதினார். சுழியை நோக்கி இறங்கும் என்று கருதியவர்களும் இருந்தனர். அளந்து பார்த்தாலன்றித் தீராத வழக்கு அது.

அளப்பதற்கு வேண்டிய குளிர் நெதர்லாந்தின் லைடன் நகரில் கிடைத்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் வாயுவை முதன்முறையாகத் திரவமாக்கினார். அது கொதிக்கும் வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது ஏறத்தாழ −269 டிகிரி. ஆனால் அந்தத் திரவம் பிறந்த கலத்துக்குள் அளவைக் கருவிகளை வைக்க இடமில்லை. அதைத் தனிக் கலத்துக்கு மாற்றும் வழியைக் கண்டறிய மேலும் மூன்றாண்டுகள் பிடித்தன. தொழில்நுட்பத் தலைவர் கெரிட் ஃபிளிம், கண்ணாடிக் கலைஞர் ஓஸ்கர் கெஸல்ரிங் ஆகியோரின் கைத்திறன் இல்லையேல் அது நிறைவேறியிராது.

முதலில் அளக்கப்பட்ட பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றின் தடை ஓரளவுக்கு இறங்கியபின் அப்படியே நின்றுவிட்டது. கலந்திருந்த மாசே இதற்குக் காரணம் என்று முடிவு செய்த ஓனஸ், திரும்பத் திரும்ப வாலையில் வடித்து மிகத் தூய்மையாக்கக்கூடிய பாதரசத்தைத் தேர்ந்து, மெல்லிய கண்ணாடி நுண்குழாய்களில் நிரப்பி உறையவைத்தார். 1911 ஏப்ரல் 8 அன்று அவரும் ஃபிளிமும் குளிர்கலத்தைக் கவனித்துக்கொள்ள, பம்புகளின் அதிர்வு எட்டாத வேறோர் அறையில் அவருடன் பணியாற்றிய கில்லஸ் ஹோல்ஸ்டும் கார்னெலிஸ் டோர்ஸ்மனும் மின்னோட்டத்தின் மிக நுண்ணிய மாற்றத்தையும் காட்டும் கால்வனோமீட்டரைப் பார்த்துத் தடையைக் குறித்தனர். மாலை நான்கு மணியளவில், 3 கெல்வினில், பாதரசத்தின் தடை ஏறத்தாழச் சுழியாகிவிட்டது.

இதுவரை எல்லாம், தூய உலோகத்தின் தடை படிப்படியாகச் சுழியை நோக்கிக் குறையும் என்ற ஓனஸின் எதிர்பார்ப்புக்கு இசைவாகவே இருந்தது. அதை உடைத்தது அதே ஆண்டு அக்டோபரில் கிடைத்த நுட்பமான அளவீடு. தடை படிப்படியாகக் குறைந்து மறையவில்லை, 4.2 கெல்வினுக்கு அருகே, ஒரு டிகிரியில் நூற்றில் சில பங்கே உள்ள இடைவெளிக்குள், சுமார் 0.1 ஓமிலிருந்து கருவியின் அளக்கும் எல்லைக்கும் கீழே, பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஓமுக்கும் குறைவாக, செங்குத்தாக வீழ்ந்தது. மின்கடத்துதிறன் வரம்பற்றதாகும் இந்த நிலையே மீக்கடத்துத்திறன் எனப்படுகிறது. 1912-இல் வெள்ளீயமும் ஈயமும் இதே பண்பைக் காட்டின. பாதரசத்துடன் தங்கத்தைக் கலந்தும் அப்பண்பு மறையாததால், ஓனஸ் அரும்பாடுபட்டுத் தேடிய தூய்மை இதற்கு அவசியமே இல்லை என்பதும் தெளிவாயிற்று. ஆயினும் அந்தத் தேடலே அவரைப் பாதரசத்திடம் கொண்டுசேர்த்தது என்பதை மறக்கலாகாது.

இந்நிகழ்வுக்கு அணு மட்டத்திலான முழுமையான விளக்கம், ஓனஸ் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின், 1957-இல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூன்று இயற்பியலாளர்களிடமிருந்து வந்தது. 1911-இன் கட்டுரைகள் ஓனஸ் ஒருவரின் பெயரிலேயே வெளியாயின. அந்த அளவீட்டில் ஹோல்ஸ்ட், டோர்ஸ்மன், ஃபிளிம் ஆகியோருக்கும் உரிய பங்கு உண்டு.