எந்த ஆசியாவின் சாலட்?

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஓர் உணவகத்தில் பழைய மாணவர் ஒருவருடன் அமர்ந்திருந்தேன். உணவுப் பட்டியலில் ‘ஏசியன் சிக்கன் சாலட்’ என்றிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, “நாம உட்கார்ந்திருக்கிறதே ஆசியாவுலதானே சார்? இது எந்த ஆசியா?” என்றார். விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் விடை தேடிப் போனபோது அது சமையற்கட்டோடு நிற்கவில்லை. நில உரிமைக்கும் குடியேற்றச் சட்டங்களுக்கும் இட்டுச்சென்றது.

மெல்லியதாக அரிந்த லெட்யூஸ் இலை, வேகவைத்து நாராகப் பிய்த்த கோழி இறைச்சி, பொரித்த வான்டன் துண்டுகள், சில இடங்களில் மாண்டரின் ஆரஞ்சுச் சுளைகள், இவற்றின் மேல் எள்ளெண்ணெயும் சோயா சாஸும் வினிகரும் கலந்த டிரெஸ்ஸிங். இந்தத் தட்டின் பழைய பெயர் ‘சைனீஸ் சிக்கன் சாலட்’. ஆனால் இது புகழ்பெற்ற இடம் சீனா அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா.

சீனத்தில் இதற்கு உறவினர் இல்லாமலில்லை. சிச்சுவான் பகுதியின் ‘பாங் பாங்’ கோழி, வேகவைத்த இறைச்சியைக் கோலால் தட்டி நார்களைத் தளர்த்திப் பிய்ப்பதால் அப்பெயர் பெற்றது. எள் விழுது, மிளகாய் எண்ணெய், சோயா, வினிகர், சர்க்கரை ஆகியவை அதன்மேல் சேரும். இவ்வாறு ஆறிய பண்டங்களைக் கலந்து உண்ணும் வகைக்கு ‘லியாங்பான்’ என்று பெயர். ஆனால் பச்சை இலையை அப்படியே தின்பது சீன மரபில் அரிது. மனிதக் கழிவை உரமாக இட்ட வேளாண்மையில், கீரையை வதக்கியோ கொதிநீரில் முக்கி எடுத்தோ உண்பது தற்காப்பும்கூட. ஆக, கோழியும் சாறும் கடல் கடந்து வந்தவை. இலை அமெரிக்க மண்ணினுடையது.

அந்த மண்ணின் கதைதான் என்னை நிறுத்தியது. லெட்யூஸ் விளைச்சலுக்குப் பேர்போனது கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிய உழைப்பில் சீனத் தொழிலாளர்களின் பங்கு பெரிது. அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டம் வந்தது. 1913இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விளைநிலம் வாங்க முடியாதபடி செய்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை; ஆனால் அது குறிவைத்தது ஆசியர்களையே. சேற்றை வயலாக்கியவர்களின் இனத்தார்க்கு அந்த வயல் சொந்தமாக வழியில்லாமல் போயிற்று.

ஆனால் ஒரு கதவு திறந்தது. 1915இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பினால், சீன உணவக உரிமையாளர்களும் ‘வணிகர்’ என்ற தகுதியைப் பெற இயன்றது. வணிகர் தாயகம் சென்று திரும்பலாம், உறவினரை அழைத்து வரலாம். சீன உணவகங்கள் பெருகின. அமெரிக்க நகரங்களில் தெருவுக்குத் தெரு சீன உணவகம் தோன்றியதற்கு நாவின் சுவை மட்டும் காரணமன்று, சட்டத்தின் நெருக்கடியும் காரணம். 1882ஆம் ஆண்டின் தடை 1943இல்தான் நீக்கப்பட்டது.

1959இல் சில்வியா வூ என்ற பெண்மணி சாண்டா மோனிகாவில் ‘மேடம் வூஸ் கார்டன்’ என்ற உணவகத்தைத் தொடங்கினார். ஹாலிவுட் நடிகர்கள் கூடிய இடம் அது. தாம் வேறோர் இடத்தில் உண்ட கோழி சாலட்டைப் பற்றி நடிகர் கேரி கிராண்ட் அவரிடம் சொல்ல, அவர் அதைத் தம் கைப்பக்குவத்தில் செய்து தந்தார் என்பார்கள். ஆக, புகழ் அவருடையதாயினும், அவருக்கு முன்பே அந்தப் பண்டம் அங்கே உலவியிருக்கிறது. 1998இல் உணவகம் மூடப்பட்டது. 2022இல் தம் 106ஆம் வயதில் அவர் காலமானார். அதே சாண்டா மோனிகாவில், ஆஸ்திரியாவில் பிறந்த சமையற்கலைஞர் வுல்ஃப்கேங் பக் 1983இல் தொடங்கிய ‘ஷின்வா ஆன் மெயின்’ உணவகமும் இந்த சாலட்டுக்குப் பேர்போனது. பின்னர் அது தொடர் உணவகங்களுக்கும் பரவியது. பரவப் பரவ ‘சைனீஸ்’ என்ற அடைமொழி பல இடங்களில் ‘ஏசியன்’ ஆயிற்று. ஒரு கண்டம் முழுவதும் ஒரு கரண்டி சோயா சாஸுக்குள் அடங்கிவிட்டது. 2017இல் எழுத்தாளர் பானி ட்சூயி நியூயார்க் டைம்ஸில் இந்தப் பெயரைக் கேள்விக்குள்ளாக்கி எழுதினார்.

பெயர் பிழையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் பண்டமே போலியாகிவிடுமா? அதை அறியவே ஒரு ஞாயிறன்று வீட்டில் செய்து பார்த்தேன். அரிசி வினிகர் மூன்று மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு, வாசனையற்ற சமையல் எண்ணெய் மூன்று, எள்ளெண்ணெய் ஒன்று, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, துருவிய இஞ்சி சிறிது. இங்கே ஒரு எச்சரிக்கை: நம் செக்கு நல்லெண்ணெய் இதற்குப் பொருந்தாது. அவர்களுடையது எள்ளை நன்கு வறுத்துப் பிழிந்தது, மணமே வேறு. எண்ணெயும் வினிகரும் இயல்பில் ஒட்டாதவை. கடுகு நடுவில் நின்று அவற்றைச் சிறிது நேரமேனும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. பரிமாறும்போதுதான் இலையின்மேல் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் சாஸின் உப்பு இலையின் நீரை இழுத்து அதைத் துவள வைத்துவிடும்.

கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு விடை கிடைத்தது போலிருந்தது. இது சீனமும் அன்று, ‘ஆசியா’வும் அன்று. தாம் திருத்திய நிலத்தை உடைமையாக்க அனுமதிக்கப்படாத மக்கள், அந்த நிலத்தின் இலையைத் தம் ஊர்ச் சுவையில் நனைத்து அதே நாட்டாருக்குப் பரிமாறிய உணவு. மாணவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப பட்டியல்ல பெயரை மாத்தணும் சார்” என்றார். மாற்றத்தான் வேண்டும். அதுவரை, உண்பவர்களேனும் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு உண்ணலாம்.