கருங்கல் கூறும் கதை



சரித்திரம் என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் நாம் நிற்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைப் பதிந்து வைத்திருப்பது ஏடல்ல, கருங்கல். அந்தக் கதையை இன்று கேட்போம்.

கோலாலம்பூரிலிருந்து பெந்தோங்கிற்குப் பேருந்தில் செல்பவர்கள் தித்திவாங்சா மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் கருங்கல் தெரியும். மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கினால் கல்லின் குணமே மாறிவிடுகிறது. தகடு தகடாகப் பெயரும் கற்களும், சக்கிமுக்கிக் கல்லைப் போன்ற கெட்டியான பாறைகளும் அங்கே உள்ளன. அந்தக் கெட்டிப் பாறையை ஆராய்ந்தவர்கள், ஆழ்கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் கூடுகளை அதில் கண்டார்கள். மலையடிவாரத்தில் கடல் உயிர் எப்படி வந்தது?

ஒரு காலத்தில் அங்கே பெருங்கடல் இருந்தது என்பதே அதற்கு விடை. இன்றைய தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் வெவ்வேறு நிலங்களாக இருந்தன. இரண்டும் தெற்கே கோண்டுவானா என்ற மாபெரும் கண்டத்தோடு ஒட்டியிருந்தவை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அன்று அதே கண்டத்தின் பகுதிகள்தாம். கிழக்குப் பாதி முதலில் பிரிந்து வடக்கே நகர்ந்தது. மேற்குப் பாதி சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தது. அது குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்ததற்கு லங்காவியில் சான்று உள்ளது. மிதக்கும் பனிக்கட்டிகள் சுமந்து வந்து கடற்சேற்றில் போட்ட கற்கள் அங்கே பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன.

மேற்கு நிலம் நெருங்க நெருங்க, இடையிலிருந்த கடலின் தரை கிழக்கு நிலத்தின் அடியில் சரிந்து இறங்கியது. அங்கே ஆழத்தில் பாறை உருகிக் கிழக்குக் கரைப் பக்கத்துக் கருங்கற்கள் உண்டாயின. கடைசியில் கடல் மூடிக்கொண்டது. இரண்டு நிலங்களும் முட்டி நெரிந்தன. தரை மடிந்து தடித்தது. அதன் அடிப்பகுதி உருகி மேலெழுந்து, நிலத்துக்குள்ளேயே மெல்ல ஆறி இறுகியது. அதுவே தித்திவாங்சாவின் கருங்கல். கடல் மூடிய தையல், பெந்தோங், ரவூப் வழியாக வடக்கு தெற்காக ஓடுகிறது.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? நம் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள்வோம். சுவரில் விரிசல் கண்டு, அதில் சிமெண்டு பூசியிருக்கிறது. சுவர் முந்தியது, விரிசல் அடுத்தது, சிமெண்டு கடைசி என்று யாரும் சொல்லிவிடலாம். பாறையிலும் அப்படித்தான். உருகிய கல் பழைய பாறையின் பிளவில் புகுந்து சுவர்போல் உறைகிறது. இதனை 'டைக்' என்பர்; நாம் கற்சுவர் என்போம். நிலம் நெரிபடுவதற்கு முன்பே புகுந்த கற்சுவர், பாறையோடு சேர்ந்து தானும் மடிந்து நெளிந்திருக்கும். நெரிசல் ஓய்ந்தபின் புகுந்ததோ, மடிப்புகளை நேராக வெட்டிச் செல்லும். ஆகவே இவ்விரண்டின் வயதையும் அறிந்தால், நிலங்கள் மோதிய காலம் அவற்றுக்கிடையே அகப்பட்டுவிடும்.

வயதை அறியவும் வழி உண்டு. கருங்கல்லில் சிர்கோன் என்னும் நுண்மணிகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள யுரேனியம் மாறாத வேகத்தில் காரீயமாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது கிடைக்கும். கிழக்குக் கருங்கற்களுக்கு ஏறத்தாழ 29 கோடி முதல் 22 கோடி ஆண்டு வயது. தித்திவாங்சா கருங்கல்லுக்கு ஏறத்தாழ 23 கோடி முதல் 20 கோடி. மடிந்து கிடந்த பழைய பாறைகளை ஊடுருவி நிற்பதால், அது மோதலின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்தது என்று அறிகிறோம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தக் கருங்கல் ஆறியபோது, அதிலிருந்து வெளியேறிய வெந்நீர் பிளவுகளில் ஈயத்தைப் படிய வைத்தது. பின்பு மழையும் ஆறும் மலையைக் கரைத்து அந்த ஈயத்தைக் கிந்தா பள்ளத்தாக்கில் சேர்த்தன. ஈய லம்பங்கள் அதனால் பிறந்தன. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க, 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இருப்புப்பாதை போடப்பட்டது. ஈயத்துக்காகப் பிறந்த சாலைகளையும் தண்டவாளங்களையும் ஒட்டியே பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் மேற்குக் கரையெங்கும் பெருகின. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தது அந்தத் தோட்டங்களுக்குத்தான். 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் பல மூடப்பட்டன. அவை விட்டுச் சென்ற குளங்கள் இன்றும் இருக்கின்றன.

நாம் கடல் கடந்து வந்தவர்கள் என்பது உண்மையே. நாம் வந்து சேர்ந்த நிலமும் கடல் கடந்து வந்ததுதான். அதன் இரு பாதிகளும் இணைந்து ஒரே நாடாக நிற்கின்றன. அடுத்த முறை சாலையோரத்துப் பாறையில் ஒரு வரி குறுக்கே ஓடக் கண்டால் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று அவர்களே சொல்லட்டும்.