பால்கனியில் மண்ணில்லாத் தக்காளி: கோவைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தக்காளி விலையை நம்பி மாதச் செலவுக் கணக்குப் போட முடியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வேறு சில மாதங்களில் கிணத்துக்கடவு, உடுமலைப் பகுதி விவசாயிகள் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டுகிறார்கள். பிரியாணியும் நோன்புக் கஞ்சியும் தக்காளி இல்லாமல் ஆவதில்லை என்பதால், "வீட்டிலேயே வளர்க்கலாமா?" என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை போன்ற நெருக்கமான பகுதிகளில் மண் தரையும் இல்லை, பலருக்கு மொட்டைமாடியும் இல்லை. இருப்பது நான்கடி பால்கனிதான்.

அந்த இடத்தில் மண் இல்லாமலே தக்காளி வளர்க்க முடியும். அதற்கு விலை உயர்ந்த குழாய் செட்டோ மோட்டாரோ தேவையில்லை. வெயிலும் தண்ணீரின் தன்மையும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. பணம் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மண்ணில்லா விவசாயம் புதியதல்ல

செடிக்கு மண் ஒரு பிடிமானம், உணவுக் கிடங்கு. இந்த இரண்டையும் வேறு வழியில் கொடுத்தால் மண் தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் என்பவர் சத்து கலந்த தண்ணீரில் ஆளுயரத்தையும் தாண்டிய தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டினார். 1937-ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியவரும் அவரே. இந்தியாவில் 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் வங்காளத்தின் காலிம்பாங்கில் சரளைக் கற்களைக் கொண்டு எளிய முறையில் இதைச் செய்தார்.

நமக்குச் சரளையைவிட நல்ல பொருள் பக்கத்திலேயே கிடைக்கிறது. பொள்ளாச்சித் தென்னை நார் ஆலைகளில் மிஞ்சும் நார்த்தூள், அதாவது கோகோபீட், வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளை மானியத்தில் கொடுத்தபோதும் கோகோபீட் கட்டிகளைத்தான் வழங்கியது.

எந்த முறை நமக்கு ஏற்றது?

குழாயில் தண்ணீர் ஓடும் முறை கீரைக்கு நல்லது. தக்காளியின் வேர்க்கற்றை குழாயை அடைத்துவிடும். மின்சாரம் நின்று மோட்டார் ஓடாவிட்டால் செடி சில மணி நேரத்தில் வாடும். வாளி நிறையச் சத்துநீர் வைத்து மேலே செடியைத் தொங்கவிடும் முறைக்கு மோட்டார் வேண்டாம். ஆனால் வளர்ந்த தக்காளி வெயில் நாளில் 1 முதல் 2 லிட்டர் வரை குடிக்கும் என்பதால் நீர்மட்டத்தைக் கண்காணித்தபடி இருக்க வேண்டும். கோகோபீட் நிரப்பிய வாளியில் செடி நட்டு, கையால் சத்துநீர் ஊற்றுவதே வீட்டுக்கு எளிது. அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ஒரு வேளை மறந்தாலும் செடி தாங்கும்.

வெயிலும் காலமும்

தக்காளிக்கு நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் விழ வேண்டும். ஒரு விடுமுறை நாளில் பால்கனியில் மணிக்கொரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் தக்காளியை விட்டுவிட்டுப் புதினா, கீரை வளர்ப்பதே நல்லது.

இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நீடித்தாலோ பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ பூ உதிரும். ஆகவே கோடையில் பூக்கும்படி விதைக்க வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் குளிர் மாதங்களில் காய் பிடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும். மேற்கு பார்த்த பால்கனி என்றால் நிழல்வலைத் தடுப்பும் உறுதியான குச்சியும் அவசியம்.

தண்ணீரைப் பாருங்கள்

சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. குடிக்கச் சுவையானது, ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் குறைவு. கால்சியம் போதாவிட்டால் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழியும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது பலன் தராது. கால்சியம் நைட்ரேட் கொடுப்பதும், தண்ணீரை ஒரே சீராக ஊற்றுவதுமே தீர்வு.

ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. டிடிஎஸ் மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் மழைநீரோ ஏசி வடிநீரோ கலந்து குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு கூடியிருக்கும், அது வேண்டாம். மென்மையான நீரில் ஒளுச் செய்தால், சோப்பு கலக்காத அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து, கீழே சொல்லும் வாராந்திரக் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். வீண்விரயமும் குறையும்.

உரக் கலவை

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 19:19:19 உரம் மட்டும் போதாது. அதில் கால்சியம் இல்லை, நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும். 'ஏ', 'பி' என இரு பாட்டில்களாக விற்கும் ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலை அதில் உள்ள அளவுப்படி பயன்படுத்தலாம். தனித்தனியாக வாங்கினால், 10 லிட்டர் தண்ணீருக்கு நுண்ணூட்டம் சேர்ந்த 4:18:38 உரம் 6 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம், எப்சம் உப்பு 3 கிராம். ஒவ்வொன்றையும் முழுதாகக் கரைத்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குறைந்த நீரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்தால் கால்சியம் சுண்ணாம்புபோல அடியில் படிந்து வீணாகும். நாற்றுகளுக்குப் பாதி அளவு போதும். கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும்.

இவை ரசாயன உரங்களே. 'ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் ஆர்கானிக்' என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். பூச்சிமருந்து அடிப்பதா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது; அதுதான் இதன் நன்மை. உரப் பொட்டலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள்.

செய்முறை

1. 5 கிலோ கோகோபீட் கட்டியை நனைத்தால் 65 லிட்டருக்கு மேல் விரியும். 15 லிட்டர் வாளி நான்குக்குப் போதும். உப்புப் போக மூன்று முறை அலசுங்கள். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி ஒரு முறை அலசுங்கள்.

2. வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரு துளை இடுங்கள். அந்த உயரம் வரை செங்கல் துண்டு, அதன்மேல் கோகோபீட்.

3. குட்டை ரகமே பால்கனிக்கு ஏற்றது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து உருவான பிகேஎம் 1 நமக்கு நன்கு பழகியது. செர்ரி தக்காளியும் எளிதில் காய்க்கும்.

4. விதை ஒரு வாரத்தில் முளைக்கும். 25 நாள் நாற்றை வாளிக்கு ஒன்று வீதம் நடுங்கள்.

5. நட்ட புதிதில் காலையில் ஒரு டம்ளர் சத்துநீர் போதும். வளர்ந்த பின் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, துளை வழியே சிறிது வடியும் வரை ஊற்றுங்கள். வாரம் ஒரு நாள் வெறும் தண்ணீர் ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவுங்கள்.

பூ முதல் பழம் வரை

புறாவலை அடித்த பால்கனிக்குத் தேனீ வருவது குறைவு. காலை 10 மணிக்கு மேல் பூங்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்களைப் பிடிக்கும். இந்த ஈதான் இலைச்சுருள் நோயைப் பரப்புகிறது. அந்த நோய்க்கு மருந்து இல்லை. வந்த செடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும் வழி.

அக்கம்பக்கம்

ஈரமான ஒரு வாளி 15 கிலோ வரை எடை வரும். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமல், தரையில் சுவரை ஒட்டி வையுங்கள். வடியும் நீரைத் தட்டில் பிடித்து அன்றே மற்ற தொட்டிகளுக்கு ஊற்றிவிடுங்கள். தேங்கினால் டெங்கு கொசு வளரும். ஒழுகினால் கீழ்வீட்டார் காயப்போட்ட துணி கறைபடும். நம் தோட்டத்தால் அண்டை வீட்டாருக்குச் சிரமம் வரக் கூடாது.

என்ன கிடைக்கும்?

நட்ட இரண்டரை மாதத்துக்குள் முதல் பழம் பறிக்கலாம். நல்ல வெயில் இருந்தால் செடிக்கு 2 கிலோ வரை எதிர்பார்க்கலாம். நான்கு வாளி கடைத் தக்காளிக்கு முழு மாற்றாகாது. முதல் பருவத்தில் வாளி, உரம், மீட்டர் செலவைப் பார்த்தால் லாபமும் இருக்காது. எனவே ஆயிரக்கணக்கில் செட் வாங்காமல், வீட்டில் இருக்கும் இரண்டு பழைய வாளிகளில் தொடங்குங்கள். ஒரு பருவம் கைவந்தபின் கூட்டிக்கொள்ளலாம். இன்ஷா அல்லாஹ், செடியிலேயே பழுத்த தக்காளி வீட்டுச் சமையலுக்கும், ஒரு கைப்பிடி கீழ்வீட்டுக்கும் கிடைக்கும்.